பிரிஸ்பேன் வீட்டில் அமெரிசியம் புகை அலாரங்களை மாற்றிய அனுபவம்

எங்கள் வீட்டில் இப்போது எந்த ஒரு புகை அலாரத்தின் சோதனைப் பொத்தானை அழுத்தினாலும் நான்கும் சேர்ந்து கத்துகின்றன. கடுகு, மிளகாய் தாளித்தால் ஒன்றுகூட வாய் திறப்பதில்லை. இதற்கு முன்பு நிலைமை நேர் எதிர். தாளிக்கும்போதெல்லாம் ஹால்வேயில் இருந்தது அலறும். படுக்கையறைகளில் இருந்தவை பேசாமல் கிடக்கும். ஒரு வழியாக வேலை முடிந்துவிட்டது. எதை ஏன் செய்தேன், எவ்வளவு செலவானது என்று மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் சொந்த வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் செய்தாக வேண்டிய வேலை என்பதால் வேறு யாருக்காவது உதவும்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2011 ஆகஸ்டில், பிரிஸ்பேனுக்குத் தெற்கே லோகன் நகரத்தின் ஸ்லாக்ஸ் க்ரீக் பகுதியில் ஒரு வீடு இரவில் தீப்பிடித்து 11 பேர் இறந்தார்கள். அந்த மரண விசாரணையின் பரிந்துரைகளைத் தொடர்ந்து 2016-இல் குவீன்ஸ்லாந்து சட்டத்தை மாற்றியது. புகை அலாரம் ஒளி வகையாக, அதாவது ஒளியைக் கொண்டு புகையைக் கண்டறிவதாக, இருக்க வேண்டும். அமெரிசியம் என்ற கதிரியக்கத் தனிமத்தைக் கொண்டு புகையைக் கண்டறியும் அயனி வகை உணரி அதற்குள் இருக்கவே கூடாது. வீட்டிலுள்ள எல்லா அலாரங்களும் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும். ஒவ்வொரு படுக்கையறையிலும் ஒன்று, படுக்கையறைகளை வீட்டின் மற்ற பகுதியோடு சேர்க்கும் ஹால்வேயில் ஒன்று வேண்டும். வாடகைக்கு விடும் வீடுகளுக்கும் விற்கும் வீடுகளுக்கும் 2022 ஜனவரி 1 முதல் இது கட்டாயமாகிவிட்டது. சொந்தக்காரரே குடியிருக்கும் எங்கள் வீடு போன்றவற்றுக்குக் கெடு 2027 ஜனவரி 1.

பழையவை என்ன?

எங்களுடையது 1990-களில் கட்டிய மாடியில்லாத வீடு. மூன்று படுக்கையறை, நடுவில் ஹால்வே. ஹால்வேயில் 240 வோல்ட் மின்சாரத்தில் ஓடும் அலாரம் ஒன்று, இரண்டு படுக்கையறைகளில் 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் சின்ன அலாரங்கள். மூன்றாவது அறையில் எதுவும் இல்லை. ஏணி போட்டு ஏறி பேட்டரி அலாரங்களைக் கால் சுற்று திருப்பியதும் கழன்று வந்தன. இரண்டில் ஒன்றில் பேட்டரியே இல்லை. வீடு வாங்கியபோதே அப்படித்தான் இருந்திருக்கிறது; பேட்டரி வைக்கும் பள்ளத்தில் சிலந்திக் கூடு கட்டி உலர்ந்துபோயிருந்தது. முன்பு குடியிருந்தவர்கள் ஏன் கழற்றினார்கள் என்பதை ஊகிக்க முடியும். தேவையில்லாமல் அலறும் கருவியின் பேட்டரியைப் பிடுங்குவது எந்த வீட்டிலும் நடப்பதுதான்.

மற்றொன்று விடியற்காலையில் மட்டும் அரை நிமிடத்துக்கு ஒரு முறை "கீச்" என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தது. மல்டிமீட்டரில் பேட்டரியைப் பார்த்தால் 7.6 வோல்ட். பேட்டரி தீரும் நிலையில், இரவுக் குளிரில் அதன் மின்னழுத்தம் இன்னும் கொஞ்சம் இறங்கி எச்சரிக்கை எல்லையைத் தொடுகிறது. வெயில் ஏறியதும் மீண்டுகொள்கிறது. இது பகலில் ஏன் சும்மா இருக்கிறது என்று குழம்புகிறவர்கள் வேறு எதையும் நோண்ட வேண்டாம், பேட்டரியை மாற்றிப் பார்த்தால் போதும்.

திருப்பிப் பார்த்தால் பின்புறம் மஞ்சள் நிறத்தில் மூவிதழ் கதிரியக்கக் குறி. அதன் கீழே "அமெரிசியம்-241, 33.3 கிலோபெக்கெரல்", தயாரித்த ஆண்டு 1998. மனைவி அதைப் படித்ததும் கேட்டது: "ஏங்க, இத்தனை வருஷமா இது பிள்ளை ரூம்லயா இருந்தது?"

நியாயமான கேள்வி. நண்பர் ஒருவரும் போனில் இதையே வேறு மாதிரி சொன்னார்: கதிரியக்கம் என்று தெரிந்த பிறகு ஒரு நாள்கூட வைத்திருக்காதீர்கள், கழற்றி எறியுங்கள் என்று. அளந்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு வெளியே வருகிறது

33.3 கிலோபெக்கெரல் என்றால் ஒரு நொடிக்கு 33,300 அணுக்கள் சிதைகின்றன. கேட்க மிரட்சியாக இருக்கும். எடையாகப் பார்த்தால், ஒரு கிராமின் 10 லட்சத்தில் ஒரு பங்கை எடுத்து அதில் கால்வாசி. ஒரு கிராம் அமெரிசியம் இருந்தால் இப்படி 30 லட்சத்துக்கும் மேற்பட்ட அலாரங்கள் செய்யலாம். அந்தத் துளியும் பொடியாகக் கிடப்பதில்லை. அமெரிசியம் ஆக்சைடாகத் தங்கத்தோடு கலந்து, பின்னால் வெள்ளித் தகடு, முன்னால் மெல்லிய தங்கப் படலம் என்று உருட்டி ஒட்டி, ஒரு பொட்டு அளவுத் துண்டாக உலோகக் கூண்டுக்குள் பதித்திருப்பார்கள்.

எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா, இதை எங்க இருந்து தோண்டி எடுப்பாங்க?" என்றாள். தோண்டி எடுக்க முடியாது, இது மனிதன் செய்த தனிமம். 95-ஆவது. 1944-இல் சிகாகோவில் க்ளென் சீபோர்க்கும் அவருடைய குழுவினரும் புளுட்டோனியத்திலிருந்து இதை உண்டாக்கினார்கள். போர்க்கால ரகசியமாக இருந்தது. 1945 நவம்பர் 11 அன்று பிள்ளைகள் பங்கேற்கும் வானொலி நிகழ்ச்சி ஒன்றில் ஒரு சிறுவன், புதிதாக வேறு ஏதேனும் தனிமம் கண்டுபிடித்திருக்கிறீர்களா என்று கேட்க, ஆமாம், 95, 96 என்று சீபோர்க் அங்கேயே சொல்லிவிட்டார். விஞ்ஞானிகள் சபையில் முறையாக அறிவித்தது சில நாள் கழித்துத்தான். மகளுக்கு இந்தக் கதை மிகவும் பிடித்துப்போய், அதன் பிறகு எல்லா அளவீட்டையும் அவள்தான் நோட்டில் எழுதினாள்.

இன்றும் இந்த அமெரிசியம் அணு உலையில்தான் பிறக்கிறது. உலையில் உண்டாகும் புளுட்டோனியம்-241 சுமார் 14 ஆண்டு அரை ஆயுளோடு (பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலம்) சிதைந்து அமெரிசியம்-241 ஆகிறது. அமெரிசியத்தின் அரை ஆயுள் சுமார் 432 ஆண்டு. அதனால் 1998-இல் செய்த அலாரத்தில் இன்று வரை நூற்றுக்கு 4 பங்கு அளவுதான் குறைந்திருக்கும். பத்து ஆண்டில் அலாரத்தை மாற்றச் சொல்வது அமெரிசியம் தீர்ந்துவிடும் என்பதற்காக இல்லை. தூசி, பூச்சி, ஈரப்பதம், மின்னணுப் பாகங்களின் தேய்மானம், இவைதான் காரணம். பிரிஸ்பேனின் ஈரக் காற்றும் குட்டிக் கரப்பான்களும் பத்து ஆண்டுக்கு முன்பே வேலையைக் காட்டிவிடும்.

அளக்க வாங்கியது கதிர்வீச்சை எண்ணும் 85 டாலர் கெய்கர் கருவி, கண்ணாடிக் குழாய் வைத்தது. அமெரிசியம் சிதையும்போது வெளிவிடும் ஆல்ஃபா துகளை இந்தக் குழாய் பிடிக்காது. அது குறையாகப் படவில்லை; அமெரிசியத்தின் ஆல்ஃபா துகள் காற்றில் 4 சென்டிமீட்டர்தான் போகும், ஒரு தாளே அதை நிறுத்திவிடும். மூடிய அலாரத்திலிருந்து அது வெளியே வர வழியில்லை. வெளியே வரக்கூடியது 59.5 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அளவிலான மெலிந்த காமாக் கதிர். அறையில் இருப்பவரை எட்டக்கூடியது எதுவோ அதைத்தான் அளக்க வேண்டும்.

முதலில் சமையலறை கிரானைட் மேடையில் வைத்து அளந்தேன். அலாரம் பக்கத்தில் இல்லாதபோதே நிமிடத்துக்கு 26 எண்ணிக்கை என்று காட்டியது. சாப்பாட்டு மேசைக்கு மாற்றினால் 19. கிரானைட்டில் இயல்பாகவே கொஞ்சம் பொட்டாசியம், யுரேனியம், தோரியம் உண்டு. அது அளவைக் கெடுக்கிறது. அதனால் எல்லாவற்றையும் மர மேசையிலேயே மறுபடி செய்தோம். ஒவ்வொரு நிலையிலும் பத்து நிமிடம் எண்ணி, நிமிடச் சராசரி எடுத்தது இது.

வெறும் மேசை: 19. அலாரத்தின் மூடியைத் தொட்டபடி குழாய்: 74. மூடியிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி: 22. 30 சென்டிமீட்டரில் வெறும் மேசைக்கும் இதற்கும் வித்தியாசம் சொல்ல முடியவில்லை.

அப்புறம் இடையில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம். ஒரு தாள் வைத்தால் 73, அதாவது மாற்றமே இல்லை. ஆல்ஃபா ஏற்கெனவே உள்ளேயே நின்றுவிட்டது என்பதற்கு இதுவே சான்று. எவர்சில்வர் தட்டு ஒன்றை இடையில் வைத்ததும் 46. இரும்புத் தோசைக்கல்லை வைத்தால் 20, அதாவது வெறும் மேசைக்குச் சமம்.

சீலிங்கில் இருக்கும் அலாரத்துக்கும் கட்டிலில் படுத்திருக்கும் பிள்ளைக்கும் இடையே ஏறக்குறைய 2 மீட்டர். 30 சென்டிமீட்டரிலேயே காணாமல் போவதைப் பற்றி 2 மீட்டரில் கவலைப்பட ஒன்றுமில்லை. சொல்லப்போனால், கிரானைட் மேடையில் முழங்கை ஊன்றி காய் நறுக்கும்போது எங்களுக்கு இதைவிடக் கூடுதலாகக் கிடைக்கிறது. மனைவி நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "அப்போ பயம் இல்ல. ஆனா கத்தற தொல்லை போகலையே" என்றாள். அதுதான் உண்மையான பிரச்சினை.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். மூடியைத் திறந்து உலோகக் கூண்டைத் தொடவோ, அந்தத் துண்டை வெளியே எடுக்கவோ கூடாது. வெளியிலிருந்து தீங்கு செய்யாத அதே ஆல்ஃபா, சுரண்டிய பொடியாக மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலிலும் எலும்பிலும் தங்கிவிடும். இங்கே நான் செய்த எல்லா அளவீடும் மூடிய அலாரத்தின் வெளியே செய்ததுதான். மகளுக்கும் அதைத்தான் முதல் விதியாகச் சொன்னேன்.

கராஜில் தாளித்துப் பார்த்தது

புதிதாக வாங்கிய ஒளி வகை அலாரம் ஒன்றையும், புதுப் பேட்டரி போட்ட பழைய அயனி அலாரம் ஒன்றையும் ஒரே பலகையில் பக்கத்தில் பக்கத்தில் திருகி, கராஜ் சீலிங்கில் 2.4 மீட்டர் உயரத்தில் கட்டினேன். ரோலர் கதவை முழங்கால் அளவு திறந்து வைத்தேன். காதுக்கு அடைப்பான் கட்டாயம். இந்த அலாரங்கள் 3 மீட்டர் தூரத்திலேயே 85 டெசிபல் சத்தம் போடக்கூடியவை. தண்ணீர் வாளி, தீயணைப்புப் போர்வை இரண்டும் கையெட்டும் தூரத்தில். போன் கடிகாரத்தில் மகள் நேரம் பார்த்தாள்.

முதலில் தாளிப்பு. கையடக்க கேஸ் அடுப்பு, இரும்புக் கரண்டியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், கடுகு, நான்கு காய்ந்த மிளகாய். எண்ணெய் சூடாகி, கடுகு வெடிக்கத் தொடங்கி, மிளகாய் கருக்கும் முன்பே, கண்ணுக்குப் புகை என்று எதுவும் தெரியாத நிலையில், அயனி அலாரம் கத்திவிட்டது. அடுப்பைப் பற்றவைத்ததிலிருந்து ஒன்றரை நிமிடம்கூட ஆகவில்லை. ஒளி வகை கடைசி வரை சும்மா இருந்தது. மிளகாயைக் கருக விட்டு, எங்கள் இருவருக்கும் இருமல் வந்த பிறகும் அது அசையவில்லை.

இரண்டாவது சோதனைதான் முக்கியம். மெத்தை, சோபா போன்றவை தீக்கங்கு விழுந்து மெதுவாகக் கனிவதைப் போல ஒன்று வேண்டும். ஃபோம் மெத்தையைக் கொளுத்த முடியாது, அதன் புகை நஞ்சு. அதனால் பழைய பருத்தி வேட்டித் துண்டை இறுக்கிச் சுருட்டி, தகரத் தட்டில் வைத்து, நடுவில் சால்டரிங் இரும்பைச் செருகி ஓடவிட்டேன். தீ பிடிக்கவில்லை, புகைந்துகொண்டே இருந்தது. ஒளி வகை 4 நிமிடம் 20 நொடியில் கத்தியது. அப்போது சீலிங்கின் கீழ் லேசான வெண்படலம். அயனி வகை கத்தவில்லை. 8 நிமிடத்தில் எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த சைக்கிள் மங்கலாகத் தெரிந்தது. அயனி வகை இன்னும் கத்தவில்லை. 11 நிமிடம் 40 நொடியில்தான் அதன் குரல் வந்தது. அந்த ஏழு நிமிட இடைவெளியில் கராஜில் நின்றுகொண்டிருந்தபோது எனக்கு வந்த கலக்கம், கெய்கர் கருவியின் எந்த எண்ணாலும் வரவில்லை. அது தூங்கும் நேரமாக இருந்தால் என்ன ஆகும் என்பது தவிர வேறு எண்ணம் ஓடவில்லை. மகளை வெளியே போகச் சொல்லிவிட்டேன்.

மூன்றாவது, கொழுந்துவிட்டு எரியும் தீ. இரும்பு வாளியில் இரண்டு தாள் செய்தித்தாளைக் கசக்கிப் போட்டுக் கொளுத்தினேன். இதில் அயனி வகைக்கே வெற்றி: 35 நொடி. ஒளி வகை 70 நொடி. நேர்மையாக இதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் தேசியத் தரநிலை ஆய்வு நிறுவனம் 2004-இல் வீடுகளில் செய்த பெரிய சோதனையிலும் இதே போக்குதான் வந்தது. கொழுந்து எரியும் தீயில் அயனி வகை ஓரளவு முந்தும். புகைந்து கனியும் தீயில் ஒளி வகை வெகுவாக முந்தும். ஒரு பக்கம் நொடிக் கணக்கு, மறு பக்கம் நிமிடக் கணக்கு.

ஏன் இப்படி என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அயனி அலாரத்தில் இரண்டு தகடுகளுக்கு நடுவே உள்ள காற்றை அமெரிசியத்தின் ஆல்ஃபா துகள்கள் அயனிகளாக உடைக்கின்றன. அதனால் மிகச் சிறிய மின்னோட்டம் ஓடுகிறது. ஒரு ஆம்பியரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு என்ற கணக்கில். புகைத் துகள்கள் புகுந்ததும் அயனிகள் அவற்றில் ஒட்டிக்கொள்கின்றன, மின்னோட்டம் குறைகிறது, அலாரம் கத்துகிறது. துகள் எவ்வளவு பெரியது என்பதைவிட எத்தனை துகள் என்பதே இதற்குக் கணக்கு. சூடான எண்ணெயும் எரியும் தாளும் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களைக் கோடிக் கணக்கில் வெளிவிடும். புகையும் துணி விடுவது பெரிய துகள்கள், எண்ணிக்கை குறைவு. ஒளி வகையில் அகச்சிவப்பு ஒளி ஒரு பக்கம் போக, ஒளியுணரி கோணம் மாறி வேறு பக்கம் பார்த்திருக்கும்; பெரிய துகள்கள் ஒளியைச் சிதறடித்து உணரியின் பக்கம் திருப்பிவிடும். அதனால் அதற்குப் புகையும் துணி நன்றாகத் தெரிகிறது, தாளிப்பு தெரிவதில்லை.

எங்கள் ஹால்வே அலாரத்துக்கும் அடுப்புக்கும் நடுவே மூன்று மீட்டர்கூட இல்லை. சட்டப்படி ஹால்வேயில் ஒன்று இருந்தே ஆக வேண்டும், தள்ளி வைக்க இடமும் இல்லை. நம் சமையலுக்கு அயனி வகை அங்கே ஒத்துவராது. கதிரியக்கத்துக்குப் பயந்து இதை மாற்றச் சொல்லவில்லை. தாளிப்புக்கெல்லாம் கத்துவதால் யாராவது பேட்டரியைப் பிடுங்குவார்கள். பேட்டரி இருந்தாலும் மெத்தை புகையும்போது பிந்தி எழுப்பும். இந்த இரண்டுக்காகத்தான் மாற்ற வேண்டும்.

மாட்டிய வேலை

மின்சார இணைப்பில் ஓடும் பழைய அலாரத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பேட்டரி அலாரம் வைக்க முடியாது. மின் இணைப்புள்ளதைத்தான் மீண்டும் வைக்க வேண்டும், அதை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும். அதனால் ஹால்வேக்கு ரேடியோ இணைப்போடு கூடிய 240 வோல்ட் ஒளி வகை ஒன்று, படுக்கையறைகளுக்கு அதே நிறுவனத்தின் பத்தாண்டு லித்தியம் பேட்டரி அலாரங்கள் மூன்று வாங்கினேன். வெவ்வேறு நிறுவனங்களின் அலாரங்கள் ரேடியோவில் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாது. சல்லிசாகக் கிடைக்கிறது என்று கலந்து வாங்கினால் பணம் வீண். பெட்டியில் "ஏ.எஸ். 3786:2014" என்ற ஆஸ்திரேலியத் தர எண் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

படுக்கையறை வேலை என்னுடையது. எங்கள் சீலிங் ஜிப்சம் பலகை, துளை போடுவதில் சிக்கல் இல்லை. 1990-க்கு முன் கட்டிய வீடு என்றால் சீலிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். என்ன பொருள் என்று உறுதி செய்யாமல் டிரில்லைத் தொடக் கூடாது.

இடம் குறிப்பதில்தான் அதிக நேரம் போனது. சுவரும் சீலிங்கும் சேரும் மூலையிலிருந்து 300 மில்லிமீட்டர், விளக்கிலிருந்து 300, ஏசி காற்று வரும் வாயிலிருந்து 400, மின்விசிறி இறக்கையிலிருந்து 400 மில்லிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். 3 மீட்டருக்கு 3 மீட்டர் அறையில், நடுவில் விசிறியும் ஓரத்தில் ஏசியும் இருந்தால் மிச்சம் எவ்வளவு இடம் இருக்கும்? அட்டையில் 400 மில்லிமீட்டர் ஆரத்தில் கால் வட்டம் வெட்டி, விசிறி இறக்கையின் நுனியில் பிடித்துச் சுற்றிப் பார்த்தது வசதியாக இருந்தது. பென்சிலில் குறித்துக்கொண்டு, 2.5 மில்லிமீட்டர் பிட்டால் மெல்லத் துளைத்து, மரச் சட்டம் தட்டுப்பட்டால் 35 மில்லிமீட்டர் ஸ்க்ரூ, இல்லாவிட்டால் ஜிப்சம் பலகைக்கான பிளாஸ்டிக் திருகு ஆணி. டிரில்லின் கீழே பிளாஸ்டிக் தயிர் டப்பாவின் அடியில் துளையிட்டுச் செருகிக்கொண்டால் ஜிப்சம் தூள் கண்ணிலும் கட்டிலிலும் விழாது. தூள் புது அலாரத்துக்குள் போனால் அதுவே பொய் அலாரத்துக்குக் காரணமாகிவிடும். அதனால் எல்லாத் துளையும் போட்டு, வேக்யூம் செய்த பிறகே அலாரங்களை உறையிலிருந்து பிரித்தேன்.

எலக்ட்ரீஷியன் வந்து ஹால்வே வேலையை முக்கால் மணி நேரத்தில் முடித்தார். அவர் போன பிறகு இணைக்கும் வேலை. நான்கையும் ஒரே நேரத்தில் இணைப்பு நிலைக்குக் கொண்டுபோனேன். விளக்குகள் எல்லாம் சரியாக மின்னின. ஹால்வேயில் சோதனைப் பொத்தானை அழுத்தியதும் நான்கும் கத்தின. சரி, முடிந்தது என்று ஏணியை மடக்கினேன். சாயங்காலம் மகள் தன் அறை அலாரத்தை அழுத்திப் பார்த்தபோது அது மட்டும் தனியாகக் கத்தியது. மற்றவை சொல்வது அதற்குக் கேட்கிறது, அது சொல்வது மற்றவற்றுக்குப் போகவில்லை. அதை மட்டும் கழற்றி, நினைவை அழித்து, ஹால்வே அலாரத்தைத் தலைமையாக வைத்துத் தனியாக இணைத்ததும் சரியானது. அதனால் ஒன்றை அழுத்திப் பார்த்து நிறுத்தக் கூடாது. நான்கையும் ஒவ்வொன்றாக அழுத்தி, ஒவ்வொரு முறையும் நான்கும் கத்துகின்றனவா என்று இன்னொருவர் அறை அறையாகப் போய்க் கேட்க வேண்டும்.

இன்னொரு சிக்கல் வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது. எங்கள் சுவாமி அலமாரி மூன்றாவது படுக்கையறையில் இருக்கிறது. தாளிப்பைப் பொருட்படுத்தாத ஒளி வகை, சாம்பிராணியைப் பொறுக்கவில்லை. அது கனிந்து புகைவது. ஒளி அலாரம் எதைப் பிடிக்கச் செய்யப்பட்டதோ அதே வகைப் புகை. நான்கும் சேர்ந்து அலறின. எல்லாத் தூர விதிகளையும் பார்த்து வைத்த இடம், அலமாரிக்கு நேர் மேலே முக்கால் மீட்டரில் அமைந்துவிட்டிருந்தது. அதை அறையின் எதிர் மூலைப் பக்கம், கதவுக்கு அருகே மாற்றி, பழைய துளைகளை அடைத்தேன். ஊதுபத்திக்கு இப்போது கத்துவதில்லை. சாம்பிராணி போடும்போது ஜன்னலைத் திறந்து, ரிமோட்டில் அமைதிப் பொத்தானை அழுத்திக்கொள்கிறோம். சுமார் பத்து நிமிடத்தில் அது தானாகவே விழித்துக்கொள்கிறது.

செலவும் கழிவும்

ஹால்வே அலாரம் 110 டாலர். படுக்கையறை அலாரம் ஒன்று 59 வீதம் 177. எலக்ட்ரீஷியன் 165. ரிமோட் 35. மொத்தம் 487 டாலர். ஸ்க்ரூ, பிட் எல்லாம் வீட்டிலேயே இருந்தன. கெய்கர் கருவியின் 85 டாலர் இதில் சேராது. அது என் ஆர்வத்துக்கும் வீட்டாரின் நிம்மதிக்கும் கொடுத்த விலை. முழு வேலையையும் ஒப்பந்தமாகச் செய்ய ஒரு நிறுவனத்திடம் விலை கேட்டபோது சொன்னது 790.

பழையவை மூன்றையும் என்ன செய்வது? பத்துக்கும் குறைவான வீட்டு அலாரங்களைச் சாதாரணக் குப்பையிலேயே போடலாம் என்பது ஆஸ்திரேலியக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு முகமையின் வழிகாட்டல். மொத்தமாகச் சேர்த்துக் கழிப்பவர்களுக்குத்தான் தனி விதி. சிவப்பு மூடித் தொட்டியில் வாரத்துக்கு ஒன்றாகப் போட்டேன். மஞ்சள் மூடித் தொட்டி மறுசுழற்சிக்கு. அங்கே போட்டால் பிரிக்கும் இடத்தில் நொறுங்கும், அதனால் கூடாது. எரிக்கவும் கூடாது. 9 வோல்ட் பேட்டரிகளைக் கழற்றி, இரண்டு முனைகளிலும் டேப் ஒட்டி, பல்பொருள் அங்காடியின் பேட்டரிப் பெட்டியில் போட்டேன். முனைகள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் டேப் ஒட்டாத 9 வோல்ட் பேட்டரி குப்பையிலேயே தீ மூட்டக்கூடியது.

மறுபடி செய்வதாக இருந்தால் மூன்றை மாற்றுவேன். நான்கு அலாரங்களையும் மாட்டுவதற்கு முன்பு மேசையில் வைத்தே இணைத்து, ஒவ்வொன்றாகச் சோதிப்பேன். ஹால்வே அலாரத்துக்கு மின்சாரம் வேண்டுமே என்றால், எலக்ட்ரீஷியன் வரும் நாளிலேயே மற்ற மூன்றையும் ஹால்வேயில் வரிசையாக வைத்துக்கொள்வேன். இரட்டைப் பக்க டேப்பில் அட்டையைச் சீலிங்கில் ஒட்டி, ஒரு வாரம் அந்த அறையில் என்னென்ன புகைகிறது என்று கவனித்த பிறகே துளை போடுவேன். அப்புறம், ரிமோட்டை முதலிலேயே வாங்குவேன். ஏணியில் ஏறித்தான் ஓசையை அடக்க முடியும் என்ற நிலை இருந்தால், பெரியவர்கள் மட்டும் வீட்டில் இருக்கும்போது மறுபடி யாராவது அலாரத்தையே கழற்றி வைத்துவிடுவார்கள்.

புதிய அலாரங்கள் ஒவ்வொன்றின் விளிம்பிலும், கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் தெரியும்படி, காலாவதியாகும் மாதத்தையும் ஆண்டையும் மார்க்கரில் எழுதியிருக்கிறேன். மாதத்தின் முதல் ஞாயிறு மகள் பொத்தானை அழுத்துவாள், நான் அறைகளைச் சுற்றி வருவேன். ஆறு மாதத்துக்கு ஒரு முறை வேக்யூமின் மெல்லிய தூரிகையால் சுற்றிலும் உறிஞ்சி எடுக்க வேண்டும். அந்த முதல் தவணை அடுத்த மாதம் வருகிறது.